எடைமேடை அறையில் ஒரு லேசான லேப்டாப்

தம்பிகளுக்கு,

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சர்வீஸ் சீட்டின் அடியில் பெயர் எழுதத்தான். பிழைகளும் நிறைய இருக்கும். தப்பாக எழுதியிருக்கிற இடத்தில் நீங்களே சரியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பிராஞ்ச் ஆபீஸ் வாசலில் நீங்கள் மூன்று பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அண்ணே, கம்பெனியில ஆளுக்கொரு லேப்டாப் பாத்து எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. எதை எடுக்கலாம், சொல்லுங்க" என்று கேட்டீர்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை. மூன்று பேர் ஒரே நேரத்தில் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் படித்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சரக்கு லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிற எடைமேடையைப் பழுது பார்ப்பதுதான் நம் வேலை. மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதில் எடையைக் காட்டுகிற பெட்டி. இடி இறங்கினாலோ கரண்ட் கூடிக் குறைந்தாலோ அந்தப் பெட்டிக்குத் தன் நினைவு போய்விடும். ஒவ்வொரு மேடைக்கும் உரிய கணக்கை லேப்டாப்பில் பத்திரமாக வைத்திருப்போம். பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே கேபிளைச் செருகி அதைத் திரும்ப ஏற்ற வேண்டும். பிறகு இரும்புக் கற்களை மேடையில் வைத்துச் சரி பார்க்க வேண்டும். இவ்வளவுதான்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது லேப்டாப் கிடையாது. தொண்ணூறுகளில் ஸ்குரூ டிரைவரும் மீட்டரும் ஒரு துணிப் பையும்தான். எரியோடு, வேடசந்தூர், பழனி, தேனி என்று எங்கே போனாலும் அந்தப் பை என் மடியில் இருக்கும். இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் பிராஞ்சுக்கு ஒரு லேப்டாப் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போனவர் என்னோடு வேலை பார்த்த ஓர் அண்ணன். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். அவர் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்.

அந்த லேப்டாப் அம்மிக்கல் கனம் இருக்கும். அண்ணன் அதை ஒரு துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் வேடசந்தூர் பஸ்ஸில் கண்டக்டர் குனிந்து பார்த்து, "பிள்ளைக்கு எத்தனை வயசுண்ணே? அரை டிக்கெட் போடவா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. "இது எந்திரிச்சு நின்னுச்சுன்னா உன் வண்டி நகராது, போய்யா" என்றார்.

அவர் சிரிக்காததற்குக் காரணம் உண்டு. அவருக்கு அப்போதே தோள்பட்டை வலி. ஆனாலும் அந்தக் கனத்தை விடமாட்டார். "இதுல அம்புட்டு ஓட்டையும் இருக்குடா. எந்த ஊரு பெட்டிக்குப் போனாலும் செருகுறதுக்கு ஒரு எடம் இருக்கும்" என்பார். 2007இல் ஆளுக்கொரு லேப்டாப் தருவதாகக் கம்பெனி சொன்னபோது அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஏலே அப்பு, கடைக்குப் போறப்ப நம்ம கேபிளப் பையில போட்டுக்கிட்டுப் போ. மொதல்ல செருகிப் பாரு. அப்புறமாத் தூக்கிப் பாரு."

நான் கேபிளை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் மேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மேரி என் மனைவி. நர்ஸ். 2003இல் குவைத்துக்கு வேலைக்குப் போனாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் சம்பளத்தில்தான் திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் எங்கள் வீடு எழுந்தது. சமையல் அறை ஜன்னலை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று அவள்தான் போனில் சொன்னாள். அந்த ஜன்னல் ஓரமாக அவள் நின்று சமைத்தது மொத்தமே ஒரு மாத லீவில்தான். அதன் பிறகு அங்கே நான் நின்று ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

போனில் பேசுவதற்கு எனக்குச் சாமர்த்தியம் போதாது. நான் பேசாமல் இருந்தால் லைன் போய்விட்டது என்று நினைத்து அவள் "ஹலோ, ஹலோ" என்பாள். பக்கத்தில் இருந்தால் அப்படி இல்லை. நான் சும்மா இருந்தாலே அவளுக்கு என்னவென்று தெரியும். கம்பெனி லேப்டாப் தரப்போகிறது என்று சொன்னதும் அவள், "கேமரா உள்ளதா வாங்குங்க. நீங்க பேசாட்டியும் பரவாயில்ல, மூஞ்சியவாச்சும் பாத்துக்கிறேன்" என்றாள். அவள் விடுதியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுடைய முறை.

அது ஒப்பந்தம் முடிகிற வருஷம். "திரும்பவும் கையெழுத்துப் போடட்டுமா, ஊருக்கு வந்துரட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வா என்று சொன்னால் மறு பேச்சு இல்லாமல் வந்துவிடுவாள். எனக்கு அதுதான் பயம். அங்கே அவள் ஒரு வார்டுக்கே பொறுப்பாக இருந்தாள். நான் கூப்பிட்டு அவள் வந்து, இங்கே சரியான வேலை கிடைக்காமல் அந்த ஜன்னல் ஓரமாகவே நின்று போனால் என்ன செய்வது? ஆனாலும் முகத்தைப் பார்த்துவிட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வெளியூர் வேலைக்குப் போனால் தங்குகிற லாட்ஜ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அவளை எதிரே வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம்.

இந்த நினைப்போடுதான் திண்டுக்கல் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி நாலைந்தை எடுத்து வைத்தான். எல்லாவற்றையும் ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். ஒன்று பள்ளிக்கூட நோட்டு மாதிரி மெலிசாக இருந்தது. திரைக்கு மேலே கடுகு அளவில் கேமரா.

"இதுதாண்ணே லேசு. மடியில வச்சிருக்கிறதே தெரியாது" என்றான்.

"கேபிள் எல்லாம் செருகலாமா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதற்காக எழுதுகிறேன்.

"எல்லாம் செருகலாம்ணே."

எந்தக் கேபிள் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் அந்தக் கடுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பிகளே, அந்த லேப்டாப்போடு எனக்கு முதல் பெரிய வேலை வந்தது ஒட்டன்சத்திரத்தில். மேரி சனிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அது.

மதியம் பெய்த மழையில் இடி இறங்கி, காய்கறி மார்க்கெட் பக்கத்து எடைமேடைப் பெட்டிக்கு நினைவு போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தக்காளி, முருங்கை, பீன்ஸ் ஏற்றிய லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. விடிவதற்குள் கேரளாவில் இறங்க வேண்டிய சரக்கு. டிரைவர்கள் ஹாரனிலேயே என்னை வரவேற்றார்கள். மேடைக்காரர் ஓடி வந்தார். அந்தப் பக்கத்துக் கவுண்டர். வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு.

"ஏனுங்க, இப்பத்தான் வாரீங்களா? சீக்கிரம் பாருங்க, தக்காளி எல்லாம் ரசமாப் போயிருமுங்க."

அறைக்குள் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். கேபிளை எடுத்தேன். நம் கேபிளின் முனையில் ஒன்பது ஊசி இருக்குமே, அதற்கான இடத்தை அந்தப் பக்கம் பார்த்தேன், இந்தப் பக்கம் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். இல்லை. நவீன லேப்டாப். பழைய காலத்து ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிட்டுத்தான் அதை அவ்வளவு மெலிசாகச் செய்திருந்தார்கள்.

கன்வெர்ட்டர் வயர் இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிறகு வாங்கினேன். சில பெட்டிகளோடு அது பேசும், சிலவற்றோடு பேசாது. பேசுகிறதா என்று ஆபீஸிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். லாரி வரிசைக்கு நடுவே பார்க்காதீர்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் பழனிப் பக்கம் ஒரு மில்லில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "வேலைய முடிச்சுட்டு அம்மிக்கல்லத் தூக்கிக்கிட்டு வாரேன். அதுவரைக்கும் நீ ஒண்ணையும் தொடாத" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து மேடைக்காரரிடம் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"ஆள் வர வரைக்கும் ஆகாதுங்க. நீங்க ஒரு குத்துமதிப்பா வச்சு உடுங்க. காலையில வந்து சரி பண்ணிக்கலாம்."

அப்படிச் செய்ய முடியும். பெட்டியில் கையாலேயே ஓர் எண்ணைப் போட்டு ஓட்டலாம். லாரிகள் போய்விடும், ஹாரன் நின்றுவிடும், எனக்கு வெள்ளிக்கிழமை மிஞ்சும். ஆனால் குத்துமதிப்பில் எடை கூடினால் வியாபாரி வயிற்றில் அடி, குறைந்தால் தோட்டக்காரன் வயிற்றில் அடி. யாருக்கு என்றுகூட நமக்குத் தெரியாது.

"முடியாதுங்க" என்றேன்.

"என்னங்க முடியாது?"

"கல்லு வச்சுப் பாக்காம மேடையத் தொறந்துவிட முடியாது."

டிரைவர்கள் இறங்கி வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர், "மெக்கானிக்குன்னு கூப்பிட்டா வாத்தியாரு வந்திருக்காரு" என்றார். இன்னொருவர் சொன்னதை எழுத முடியாது. ஆனாலும் மேடைக்குக் குறுக்கே இருந்த சங்கிலியை எடுத்து நானே மாட்டினேன். தாராபுரம் ரோட்டில் இன்னொரு மேடை இருக்கிறது, அவசரமான வண்டிகள் அங்கே போய்க்கொள்ளலாம் என்று சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே சில வண்டிகள் திரும்பின. மற்றவை நின்றன. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அத்தனை பேர் முகத்தைப் பார்த்து எனக்கு ஒரு வார்த்தை வந்திருக்கிறது.

ஆறரை மணி ஆகிவிட்டது. அது மேரி உட்காருகிற நேரம். லாட்ஜ் அறை இல்லை, இங்கே கதவைச் சாத்தவும் முடியாது. எடைமேடை அறையின் ஜன்னலுக்கு வெளியே சுமை தூக்குகிறவர்களும் டிரைவர்களும் பீடியோடு நின்றார்கள். வேறு வழியில்லாமல் இன்டர்நெட்டுக்கான டேட்டா கார்டைச் செருகினேன். அதற்கு மட்டும் இடம் இருந்தது.

படம் சதுரம் சதுரமாக வந்தது. பிறகு ஒன்று சேர்ந்தது. மேரி. முன் நெற்றியில் நரை விழுந்திருந்தது. அதை அவள் போனில் சொல்லவே இல்லை.

ஜன்னலில் ஒரு தலை நுழைந்தது. "அண்ணே, யாருண்ணே அது?"

"வீட்ல" என்றேன்.

அவ்வளவுதான். ஒன்றன் மேல் ஒன்றாக ஏழெட்டுத் தலைகள். மேரி திரையில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஏங்க, யாரு அம்புட்டுப் பேரு? எங்க இருக்கீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் மேடைக்காரர் உள்ளே வந்துவிட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என்னைக் கடித்துத் தின்னப் பார்த்தவர், கேமராவுக்கு முன்னால் குனிந்து சட்டையைச் சரி செய்துகொண்டார்.

"வணக்கமுங்க அம்மணி. குவைத்துங்களா?"

"ஆமாங்கண்ணா."

"அங்க தக்காளி என்ன வெல போகுதுங்க?"

எல்லோரும் சிரித்தார்கள், மேரியும்தான். பிறகு அவள் என்னைப் பார்த்தாள். "நாளைக்குக் காலையில கையெழுத்துங்க. என்ன செய்யட்டும்?"

வெளியே ஹாரன்கூட நின்றுவிட்டது போல எனக்கு இருந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுமை தூக்குகிற பெரியவர் ஒருவர் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். "தாயி, நீ ஊருக்கு வந்துரு தாயி. மனுசன் எளச்சுத்தான் கெடக்காரு."

மேடைக்காரரும் சேர்ந்துகொண்டார். "அதானுங்க அம்மணி. இவரு எங்ககிட்ட முடியாது, முடியாதுன்னு நல்லாத்தான் பேசறாருங்க. உங்களக் கண்டாத்தான் வாயத் தொறக்க மாட்டேங்கறாருங்க."

மேரி சிரித்தாள். கண்ணைத் துடைத்தாளா, படம் அப்படி உடைந்து தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "அவரு வாயால சொல்லட்டும்ணா" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது இதுதான்:

"சாப்டியா?"

அங்கே அப்போது மாலை நாலு மணி. "நாலு மணிக்கு என்னத்தங்க சாப்பிடுறது?" என்றாள் மேரி. ஜன்னல் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே படம் அப்படியே நின்றுவிட்டது. அவள் பாதி வாய் திறந்தபடி இருந்தாள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், வரவில்லை.

அண்ணன் வந்தார். துண்டில் சுற்றிய அம்மிக்கல்லை மேசையில் வைத்துக் கேபிளைச் செருகினார். கணக்கு ஏறியது. கல் வைத்துப் பார்த்தோம். நான் போட்ட சங்கிலியை நானே அவிழ்த்தேன். லாரிகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் போயின. யாரும் என்னைத் திட்டவில்லை. "வாத்தியாரு" என்று கேலி செய்த டிரைவர் போகும்போது ஒரு கை முருங்கைக்காயை ஜன்னல் வழியாக வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மேரி போன் செய்தாள். "கையெழுத்துப் போட்டுட்டேங்க" என்றாள். நான் "சரி" என்றேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். லேசானதையே வாங்குங்கள். அண்ணனுக்குத் தோள்பட்டை போனதையும் எனக்கு முழங்கால் போனதையும் பார்த்திருக்கிறீர்கள். ஊர் ஊராகப் போகிறவனுக்குக் கனம்தான் முதல் எதிரி. ஆனால் கடையில் தூக்கிப் பார்க்கும்போது சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். சிலவற்றில் லேப்டாப் லேசாக இருக்கும், சார்ஜர் செங்கல் மாதிரி இருக்கும். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் திரையைப் பாருங்கள். நாம் வேலை செய்கிற இடத்தில் ஏசி கிடையாது. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கடைக்காரர் சொல்வதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் மேலே லக்கேஜ் கம்பியில் வைக்காதீர்கள், மடியில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், நம் கேபிளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மொதல்ல செருகிப் பாரு, அப்புறமாத் தூக்கிப் பாரு. நான் கேட்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.

இன்னொன்றும் உண்டு. முடியாததை முடியாது என்று சொல்லத் தயங்காதீர்கள். எத்தனை லாரி நின்றாலும் சரி. அந்த வார்த்தை சொல்கிறபோதுதான் கசக்கும், பிறகு கசக்காது. சொல்லாமல் விட்ட வார்த்தை அப்படி இல்லை. வீட்டில் சும்மா இருக்கும்போதெல்லாம் அது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த இரண்டு வருஷமும் அது என்னோடுதான் ரசம் சாப்பிட்டது.

போன வருஷம் முழங்காலால் ஊர் சுற்றும் வேலையை விட்டேன். மேடைக்கு உதவாத அந்த லேப்டாப்பைக் கம்பெனி எனக்கே கொடுத்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு மேரியைப் பார்க்கிறேன். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அப்படியும் அந்த வார்த்தை வரவில்லை. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். ஒப்பந்தம் மறுபடி முடிகிறது என்பதை மட்டும் போன வாரம் சொன்னாள்.

நேற்று மத்தியானம் லேப்டாப்பை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஒட்டன்சத்திரம் பஸ் ஏறினேன். இந்த முழங்காலோடு அம்மிக்கல்லைத் தூக்கியிருக்க முடியாது. அது லேசாக இருந்தது நேற்றுத்தான் உதவியது.

மேடைக்காரர் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். "ஏனுங்க, மேடை நல்லாத்தானுங்களே ஓடுது? யாரு வரச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. செத்த நேரம் ரூம்ல உக்காந்துக்கிறேன்."

பையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்தவர்களை வெளியே அனுப்பினார். "கதவச் சாத்தட்டுங்களா?"

"வேணாம். தொறந்தே இருக்கட்டும்" என்றேன்.

வெளியே லாரிகள், ஹாரன், தக்காளி வாசனை. ஒருவர் இன்னொருவரைக் கெட்ட வார்த்தையில் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் மேரி வந்தாள். என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்ததுமே எந்த இடம் என்று கண்டுகொண்டாள். எதுவும் கேட்கவில்லை.

"மேரி, போதும். வந்துரு" என்றேன்.

சத்தத்தில் கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன். அவள் அசையவில்லை. படம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவள் கண் இமைத்தது.

"சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

இன்று அங்கே கையெழுத்து நாள். போன் இன்னும் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல்தான், இத்தனை நாள் தள்ளிப்போட்ட இதைச் சமையல் அறை ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து எழுதி முடித்தேன்.

திண்டுக்கல்,
சனிக்கிழமை, 10 அக்டோபர் 2009.